இல்லாத விரலுக்கு வைத்த மை

தேர்தல் வந்தால் பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவை கழுவும் அந்த அம்மாளுக்கு மை வைக்கும் வேலைதான் விழும். மைக்காரி என்றே சக ஊழியர்கள் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மூஞ்சியைப் பார்த்து ஆளை எடைபோடுவது அதிகாரிகள் பாடு, எனக்கு விரல் போதும் என்பாள். பாத்திரம் தேய்த்த விரல், பேனா பிடித்த விரல், துரும்பைக்கூடத் தூக்காத சோம்பேறி விரல் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வேலை என்று உட்கார்ந்துவிட்டால் தலை நிமிராது.

அவள் கணவர் லேத் பட்டறைக்காரர். இடது கையின் ஆள்காட்டி விரலை இளவயதிலேயே இயந்திரம் தின்றுவிட்டது. அதனால் ஓட்டுப் போடப் போனால் அவருக்கு மட்டும் நடுவிரலில் மை. "ஊருக்கெல்லாம் ஒரு வழின்னா உங்களுக்குத் தனி வழி" என்று அவள் சீண்டுவாள். அவர் அந்த விரலை அவள் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டுவார்.

போன வருஷம் நுரையீரல் கெட்டு அவர் போய்ச் சேர்ந்தார். யார் கேட்டாலும் அவள் "அவருக்கு முடியாமப் போச்சு" என்பாள். செத்தார் என்ற சொல் மட்டும் வாயில் வராது. வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வீடு வீடாக வந்த ஊழியர், "சார் இருக்காருல்லம்மா?" என்று கேட்டபோதும் தலையை ஒரு தினுசாக ஆட்டிவைத்தாள். அவர் அதை ஆமென்று எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

நாடாளுமன்றத் தேர்தலன்று ஆள் போதாமல் அவளைச் சொந்தத் தெருவின் சாவடியிலேயே உட்காரவைத்தார்கள். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, பெயர் வாசிக்கும் குமாஸ்தா அவள் கணவரின் பெயரை உரக்க வாசித்தார். ஒரு கை மேசைக்கு வந்தது. இடது கை. ஆள்காட்டி விரல் நகத்தோடு முழுசாக இருந்தது.

அவள் தலை நிமிரவில்லை. அந்தப் பெயரை ஒருவர் உரக்கச் சொல்லிக் கேட்டு எத்தனை மாதமாகிவிட்டது! பெயர் கூப்பிட்டார்கள், ஆள் வந்திருக்கிறார் என்று அந்த ஒரு நொடி நெஞ்சு நம்பிவிட்டது. கை தானாகக் குச்சியை எடுத்து மையை வைத்தது. பிறகுதான் அது அவருக்கு இல்லாத விரல் என்று உறைத்தது. அதற்குள் வேறு விரல் வந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்த விரல் அவளை விடவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்த கைகளில் அதைத் தேடினாள். சோறு பிசையும்போது எதிரே யாரோ கை நீட்டுவதுபோல் இருந்தது. கனவில் கணவர் வந்தார், பத்து விரலோடு. அவள் பயந்து விழித்தாள். அது அவர் இல்லை.

எண்ணி முடித்தபோது வித்தியாசம் சொற்ப ஓட்டுதான். தோற்றவர் வழக்குப் போட்டார், செத்தவர்கள் பெயரில் ஓட்டு விழுந்தது நிரூபணமானது, தேர்தல் செல்லாது என்று நீதிமன்றம் மளமளவென்று தீர்ப்பைச் சொல்லிவிட்டது. "செத்தவங்க வந்து வரிசையில நிக்கறாங்க, நமக்குத்தான் வெயில் ஒத்துக்கல" என்று குமாஸ்தா சிரித்தார். அவள் கழுவிய குடுவையையே மறுபடி கழுவினாள்.

தீர்ப்பு வந்து மாதம் திரும்புவதற்குள் மறுதேர்தல் வந்தது. திருத்த நேரமில்லாமல் அதே பட்டியல், அதே சாவடி. பழைய மை சிலர் நகத்தில் இன்னும் போகாததால் இந்த முறை எல்லாருக்கும் நடுவிரலில் வைக்க உத்தரவு. காலையிலிருந்து அவள் முன்னால் நீண்டதெல்லாம் அவர் விரல்தான். ஊரே அவர் வழிக்கு வந்துவிட்டது. பெயரை மறுபடி வாசிப்பார்களோ என்று காதைத் தீட்டியபடியே இருந்தாள்.

வாசித்தார்கள்.

கை வந்தது. ஆள்காட்டி விரல் நகத்தில் அவள் வைத்த கறை கொஞ்சம் மேலேறியிருந்தது. அவள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு முதல் தடவையாக நிமிர்ந்தாள். முகத்தில் பருகூட ஆறாத ஒரு வாலிபன்.

"இந்தப் பேருக்குரியவர் செத்துட்டாரு தம்பி," என்றாள். "நான் அவர் பொண்டாட்டி."

வாலிபன் கையை இழுத்துக்கொண்டு வாசலுக்கு நழுவினான், வாசலில் காவலர் பிடித்துக்கொண்டார். தலைமை அலுவலர் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பெயரின் மேல் கோடு இழுத்தார். பேனாவின் கீச்சென்ற சத்தம் அவள் காதில் விழுந்தது.

"போன தடவையும் இவன்தான் சார். நான்தான் மை வச்சேன்," என்றாள். "எழுதிக்குங்க."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தபோது, வெளியூரிலிருக்கும் மகள் போன் பண்ணினாள்.

"ஓட்டுப் போட்டியாம்மா?"

"போட்டேன்." நடுவிரலைப் பார்த்தாள். மை இன்னும் பளபளத்தது. "உங்கப்பா செத்துட்டாருடி."

கொள்ளி வைத்த அன்று பக்கத்திலேயே நின்றிருந்தவள்தான் மகள்.

"ஆமாம்மா," என்றாள். பிறகு இருவரும் அழுதார்கள்.