மருந்தடித்த விமானம்

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், ஒரு ஏப்ரல் காலையில், நான் வேலை செய்த பட்டறையின் முற்றத்தில் ஒரு விமானம் வந்து இறங்கியது. லொறியில்தான். உடல் ஒரு லொறியில், சிறகுகள் இன்னொன்றில். தூக்கு இயந்திரம் அதைக் கீழே வைத்தபோது பட்டறையில் இருந்த எட்டுப் பேரும் வேலையை விட்டுவிட்டு வெளியே நின்றோம்.

ஜெர்மனியின் ஹம் நகரத்தின் ஓரத்தில் இருந்த அந்தப் பட்டறையில் ஊஞ்சல், சறுக்கு, ஏறு கம்பி என்று சிறுவர் விளையாட்டுத் திடல்களுக்கு வேண்டியதைச் செய்தோம். அங்கே நான் ஒருத்திதான் பெண். ஒருத்திதான் தமிழ். ஒன்பது வயதில், முதலே வந்துவிட்ட அப்பாவிடம், அம்மாவோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இங்கேயே பள்ளிக்கூடம் முடித்து, உலோக வேலையில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்திருந்தேன். கணக்காளர் வேலைக்குப் படிக்கச் சொல்லித்தான் எல்லோரும் புத்தி சொன்னார்கள். எனக்கு இரும்பு பிடித்திருந்தது. இருபத்து நான்கு வயதில் என்னுடைய வெல்டிங் கோடுகள் பட்டறையிலேயே நேரானவை என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியும்.

விமானம் பழைய கிழக்கு ஜெர்மனியில் வயல்களுக்கு மேலே பறந்து வேலை செய்தது. மேலும் கீழுமாக இரண்டு அடுக்குச் சிறகு, பருத்த வயிறு. பக்கத்து ஊரில் ஒரு சிறுவர் பள்ளியின் பெற்றோர் சங்கம் அதை ஒரு பழைய விமானக் கொட்டகையில் கண்டுபிடித்து வாங்கியிருந்தது. சிறகுகளைக் குட்டையாக்கி, கூர்களை எல்லாம் மழுக்கி, உள்ளே ஏற ஏணியும் இறங்கச் சறுக்கும் வைத்து, கோடை விடுமுறைக்கு முதல் திடலில் நிறுத்தித் தரவேண்டும். அதுதான் எங்கள் வேலை.

எங்கள் பட்டறைத் தலைவரை மைஸ்டர் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். பெரிய உடம்புக்காரர். அவர் விமானத்தை இரண்டு தரம் சுற்றி வந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“வால் பக்கத்துக்குள் நீ மட்டும்தான் நுழைய முடியும். இது உன்னுடையது.”

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னதும் அப்பா புட்டைக் குழைப்பதை நிறுத்தினார். எங்கள் வீட்டில் விமானம் என்பது சத்தம் கேட்டதும் குனிந்து ஓடி, மண் மூட்டை அடுக்கிய குழிக்குள் இறங்க வைக்கும் சாமான். டோர்ட்மண்ட் விமான நிலையத்துக்குத் தாழப் பறந்து வரும் விமானங்களைக்கூட அப்பா ஒருபோதும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

“பிள்ளையள் விளையாட வேற ஒண்டும் கிடைக்கேல்லையாமோ?” என்றார்.

“இது குண்டு போட்ட பிளேன் இல்லையப்பா. வயலுக்கு உரம் போட்டது.”

“அவள்தான் சொல்லுறாளே. சாப்பிடுங்கோ,” என்றார் அம்மா.

அப்பா சாப்பிட்டார்.

முதல் இரண்டு கிழமை வெளி வேலைதான். சிறகுகளில் போர்த்தியிருந்த துணியை உரித்தோம், நீளத்தை வெட்டினோம், தகடு அடித்தோம். மூன்றாம் கிழமை நான் உள்ளே போனேன். நடுவில் உரம் நிரப்ப இருந்த பெரிய தாங்கியை விற்றவர்கள் ஏற்கெனவே கழற்றி எடுத்திருந்தார்கள். தளத்துத் தகடுகள் மட்டும் அப்படியே இருந்தன. ஏணியைப் பொருத்த அடியில் உள்ள சட்டத்தைப் பார்க்க வேண்டியிருந்ததால் ரிவெட் ஆணிகளைத் துளைத்து ஒரு தகட்டைக் கிளப்பினேன். கீழே, சட்டங்களுக்கு இடையில், மஞ்சள் நிறத்தில் ஏதோ காய்ந்து பொருக்குப் பிடித்திருந்தது. பழைய எண்ணெயாக இருக்கும் என்று நினைத்தேன். சுரண்டித் துடைத்துவிட்டு வால் பக்கம் ஊர்ந்து போனேன். அங்கேயும் அதுதான். மத்தியானத்துக்குப் பிறகு தலை இடித்தது. காற்றில்லாத இடம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அம்மா குசினிக்குள் இருந்தே கேட்டார்.

“என்னடி மணம் இது? உள்ளி அழுகின மாதிரி?”

எனக்கு மணக்கவில்லை. நாள் முழுக்க அதற்குள்ளேயே கிடந்தவளுக்கு எப்படி மணக்கும்? கழற்றி வைத்த வேலை உடுப்பை அம்மா கையில் எடுக்கப் போனார். அதற்குள் அப்பா எழுந்து வந்துவிட்டார். குனிந்து ஒரே ஒரு தரம் மோந்தார்.

“தொடாதை!” என்று அம்மாவிடம் கத்தினார். பிறகு என்னைப் பார்த்து, “எங்கை இருந்தனீ? என்னத்துக்கை போனனீ?”

“பிளேனுக்குள்ள. ஏன்?”

“இது மருந்து. உரமில்லை. பூச்சி மருந்து. ஓடிப்போய்க் குளி. தலையையும் சோப்புப் போட்டுக் கழுவு.”

உடுப்பைப் பொலித்தீன் பையில் போட்டு முடிந்து பல்கணியில் வைத்தார். நான் குளித்துவிட்டு வந்தபோது அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எனக்கு ஆறு வயது இருக்கும். அப்பா வெங்காயத் தோட்டத்துக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவர் வரம்பிலேயே விழுந்துவிட்டார். வாயால் நுரை வந்தது. கண்மணி ஊசி முனையளவுக்குச் சுருங்கியிருந்தது என்று அம்மா பிறகு சொன்னார். யாரோ ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அவர் திரும்பி வரும்வரை, அன்று அவரிடமிருந்து கழற்றிய சாரம் வேலியில் தொங்கியது, ஒருவரும் தொடவில்லை. அந்தச் சாரத்தின் மணம் எனக்குத் தெரிந்த மணம்தான்.

“ஆனா அவங்கள் நல்லாக் கழுவினதெண்டு பேப்பர் தந்திருக்கிறாங்கள் அப்பா.”

“பேப்பர் மணக்காது பிள்ளை. இது தண்ணிக்குப் போற சாமானில்லை. இடுக்குக்கை இருந்தா வருசக்கணக்கா இருக்கும். அதுக்குள்ள சின்னப் பிள்ளையளை விடப் போறாங்களோ?”

நான் நன்றாகத்தான் தூங்கினேன். காலையில் என்ன செய்யப் போகிறேன் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

மைஸ்டர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். விமானத்தில் இனிக் கை வைக்க மாட்டேன் என்று சொன்னேன். உள்ளே பூச்சி மருந்து இருக்கிறது, அதைப் பரிசோதிக்க வேண்டும் என்றேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து சான்றிதழை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“கழுவியிருக்கிறார்கள். முத்திரை இருக்கிறது.”

“தாங்கியைக் கழுவியதாகத்தான் இருக்கிறது. தளத்துக்குக் கீழே கழுவியதாக எங்கே இருக்கிறது?”

அவர் மறுபடி வாசித்தார். அப்படி ஒரு வரி அதில் இல்லை.

“விடுமுறைக்கு முன் முடிக்க வேண்டும். அழைப்பிதழ் போய்விட்டது.”

“அழைப்பிதழை மாற்றி அடிக்கலாம்,” என்றேன்.

அவர் பெற்றோர் சங்கத் தலைவிக்குத் தொலைபேசி எடுத்தார். ஒரு மணித்தியாலத்தில் அந்தப் பெண்மணி சைக்கிளில் வந்து இறங்கினார். ஒரு வருடமாக வார இறுதிகளில் கேக் விற்று இந்த விமானத்துக்காக ஓடித் திரிந்தவர். கோபம் நியாயமானதுதான். முகம் சிவந்திருந்தது.

“உங்களுக்கு வேதியியல் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாது. இந்த மணம் தெரியும். என் அப்பா இதை மூச்சில் எடுத்து வயலில் விழுந்தவர்.”

“அது வேறு நாடு. இங்கே இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது.”

“உங்கள் பிள்ளை இதற்குள் ஊர்ந்து போகும். அந்தக் கையை வாயில் வைக்கும். சட்டம் அதன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருமா?”

நான் இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. பட்டறையில் கிறைண்டர் ஓடவில்லை என்பதால் எல்லோருக்கும் கேட்டது. அந்தப் பெண்மணி மைஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். மைஸ்டர் முற்றத்துக்குப் போனார். ஏணியில் ஏறி, விமானத்துக் கதவு வழியாகத் தன் பெரிய உடம்பை உள்ளே தள்ளி, நான் கிளப்பிவைத்த தகட்டுக்கு மேலே குனிந்தார். இரண்டு தரம் மோந்தார். பிறகு இறங்கி வந்து, ஒரு சங்கிலியும் பூட்டும் எடுத்துக் கதவைப் பூட்டினார்.

“அழைப்பிதழை மாற்றி அடியுங்கள்,” என்று அந்தப் பெண்மணியிடம் சொன்னார். என்னிடம், “நீ முதலில் டாக்டரிடம் போ. இப்போதே.”

இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. மஞ்சள் பொருக்கை ஒரு போத்தலில் அடைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். முடிவு வர மூன்று கிழமை எடுத்தது. அந்த மூன்று கிழமையும் நான் ஊஞ்சல் சட்டங்களுக்கு வெல்டிங் செய்தேன். கூட வேலை செய்தவர்கள் என்னை ‘மூக்கு’ என்று கூப்பிட்டார்கள். “மூக்கு, இந்தப் பாண் பழசா பார்” என்று தங்கள் காலைச் சாப்பாட்டை நீட்டினார்கள். நானும் மோந்து பார்த்து, பழசுதான் என்று சொல்லி ஒரு துண்டு பிய்த்துச் சாப்பிட்டேன். அது வெறும் எண்ணெயாக இருந்தால் என்ன செய்வது என்ற எண்ணம் வராமல் இல்லை. அப்படி இருந்தால், மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி உள்ளே ஊர்வது என்று முடிவு செய்திருந்தேன். அதற்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று ஒருநாளும் தோன்றவில்லை.

கடிதத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன, இரண்டும் வாய்க்குள் நுழையாதவை. ஒன்று நீண்டகாலமாகத் தடை செய்யப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார்.

“பேர் எனக்கு விளங்கேல்லை. ஆளை விளங்குது,” என்றார்.

வெள்ளை முழு அங்கியும் முகமூடியும் போட்ட நாலு பேர் வந்து தளம் முழுவதையும் வெட்டி, உறையில் கட்டி எடுத்துப் போனார்கள். அவர்கள் போன பிறகு விமானத்துக்கு அடிவயிறே இருக்கவில்லை. கீழே நின்று நிமிர்ந்து பார்த்தால் வாலின் நுனி வரை வெறும் விலா எலும்புகள். உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, மறுபடி ஆய்வுக்கு அனுப்பிச் சுத்தம் என்று கடிதமும் வந்தது. சங்கத் தலைவி வந்து பார்த்தார்.

“குப்பைதானா இனி?” என்று கேட்டார்.

“இல்லை,” என்றேன். ஒரு பெட்டி அட்டையைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். தளத்துக்கு லார்ச் மரப் பலகை. வாசலில் சறுக்கு வைப்பதற்குப் பதிலாக வயிற்றின் நடுவில் இருந்தே ஒரு சறுக்கு, கீழே மணலுக்கு. வால் பக்கம் வலை கட்டினால் சின்னவர்கள் படுத்துக்கொண்டு ஜன்னலால் பார்க்கலாம். “பழைய திட்டத்தைவிட இது நல்லது,” என்றும் சொன்னேன். அது உண்மையும்கூட.

அந்தப் பெண்மணி அட்டையை வாங்கி நெடுநேரம் பார்த்தார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. “சறுக்கு சிவப்பாக இருக்கட்டும்,” என்றார். எனக்கு அது போதும்.

ஓகஸ்ட் முழுக்க அந்த வேலைதான். பாதுகாப்புப் பரிசோதகர் வந்த நாளில் திடலில் நானும் மைஸ்டரும் மட்டும் இருந்தோம். பரிசோதகரின் பையில் சிறுபிள்ளையின் தலையளவில் ஒரு கட்டை இருந்தது. அதை ஒவ்வொரு இடைவெளிக்குள்ளும் தள்ளிப் பார்த்தார். பிறகு, மேலங்கியின் நாடா சிக்குமா என்று பார்க்க, நுனியில் கட்டை கட்டிய ஒரு சங்கிலியைச் சறுக்கின் வாயில் வைத்து இழுத்தார். சங்கிலி சிக்கியது. சறுக்கும் தளமும் சேரும் மூலையில், இடது பக்கம்.

“இது கூடாது,” என்றார்.

அவர் சொன்னது சரி. என் பிழைதான். வாகனத்திலிருந்து கருவிகளை எடுத்து, அவர் கோப்பி குடித்து முடிப்பதற்குள் அந்த இடுக்கை ஒரு தகட்டால் மூடி, விளிம்பைத் தேய்த்தேன். அவர் சங்கிலியை ஐந்து தரம் இழுத்தார். ஐந்து தரமும் வழுக்கிக்கொண்டு வந்தது.

“எங்கே படித்தாய்?” என்று கேட்டார்.

“இவரிடம்,” என்று மைஸ்டரைக் காட்டினேன். பிறகு, “உங்கள் வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?” என்று கேட்டேன். அவர் ஒரு முகவரியை எழுதித் தந்தார். அடுத்த வருடம் அந்தப் படிப்புக்குப் போனேன். இன்றைக்கு அந்தக் கட்டைத் தலையும் சங்கிலியும் என்னுடைய பையிலும் இருக்கின்றன.

திறப்பு விழா செப்டம்பரில் நடந்தது. காலையில் தூறியது, பிறகு வெளித்தது. அம்மா ஒரு பெரிய பெட்டி நிறைய ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தார். அது கேக்குகளுக்கு முதலே முடிந்துவிட்டது. அப்பா கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு திடலின் ஓரத்தில் நின்றார். வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. விமானத்தைப் பார்க்காமல் வேலியையும் வானத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

பறக்கிற விளையாட்டு விளையாடுவார்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். விமானியின் இடத்தில் இருக்கையும் திருப்புகிற சில்லும்கூட வைத்திருந்தோம். ஏறிய பிள்ளைகள் அரை மணித்தியாலத்துக்குள் அதை ஆஸ்பத்திரியாக்கிவிட்டார்கள். வலையில் மூன்று நோயாளிகள் படுத்துக்கிடந்தார்கள். மேலும் நோயாளிகள் தேவைப்பட்டதால், ஐந்து வயதளவில் ஒரு பெண் பிள்ளை இறங்கி வந்து, சும்மா நின்ற அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை. அவர் குனிந்து, கோட்டைப் பிடித்துக்கொண்டு, ஏணியில் ஏறினார்.

சிறிது நேரம் கழித்து நானும் ஏறிப் பார்த்தேன். அப்பா லார்ச் பலகையில் மல்லாக்கப் படுத்திருந்தார். அந்தப் பிள்ளை அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஜெர்மனில் கடுமையாக ஏதோ சொன்னது. அவருக்கு விளங்கவில்லை.

“என்னவாம் பிள்ளை?”

“வாயைத் திறக்கட்டாம்.”

திறந்தார். பிள்ளை எட்டிப் பார்த்து, ஒரு காய்ந்த இலையை அவர் நெற்றியில் வைத்து, இன்னொரு தீர்ப்புச் சொன்னது.

“கால் முறிஞ்சு போச்சாம். நாளைக்கு மட்டும் எழும்பக் கூடாதாம்,” என்று சொன்னேன்.

“அப்ப நாளைக்கு வேலைக்கு ஆர் போறது?” என்று கேட்டார். ஆனால் எழும்பவில்லை. இலை விழுந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தார். கீழே மைஸ்டர் என்னைப் புகைப்படத்துக்குக் கூப்பிட்டார். நான் அப்பாவை அங்கேயே விட்டுவிட்டு, சிவப்புச் சறுக்கால் இறங்கிப் போனேன்.