நண்டுப் பெட்டியில் போன மருந்து

நாய்க்குச் சர்க்கரை வியாதி என்று சொன்னதும் சிரிக்காத ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இதில் கிடையாது. முதலில் சிரிப்பார்கள். பிறகு, "அப்ப சீனி இல்லாத காபியா குடுக்கிறீக?" என்று கேட்பார்கள். அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் பிறர் எழுதிய மனுக்களைப் படித்தவள் நான். ஒரே வாக்கியத்தை ஆயிரம் பேர் தாங்களே கண்டுபிடித்ததாக நினைத்து எழுதுவது எனக்குப் புதிதல்ல. அப்போது அதைப் படிக்கச் சம்பளம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

எங்களிடம் இரண்டு நாய்கள். ஒருத்தி சர்க்கரைக்காரி. பேருந்து நிலையக் கழிப்பறைக்குப் பின்னால் கிடந்தவள். நோய் முற்றி இரண்டு கண்ணும் போய்விட்டன. இன்னொருவன் வலிப்புக்காரன். லாரி அடித்துத் தலையில் காயத்தோடு கிடந்தவன். காயம் ஆறியது, வலிப்பு தங்கிவிட்டது. இருவரையும் வீட்டுக்குத் தூக்கிவந்தவர் என் கணவர். மருந்து, ஊசி, நேர அட்டவணை எல்லாம் நான். இரக்கம் அவருடைய இலாகா, நிர்வாகம் என்னுடையது.

நான்கு ஆண்டுகளாக நாங்கள் இருவரும் சேர்ந்து எங்கும் போனதில்லை. உறவினர்கள் யோசனை சொன்னார்கள். "ரெண்டு நாள் கட்டிப்போட்டுட்டு வாங்க, பக்கத்து வீட்டுல சோறு வைக்க மாட்டாகளா?" சோறு வைப்பார்கள். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் ஊசி போடுவார்களா? சென்ற மழைக்காலத்தில் வழியெல்லாம் தண்ணீர் நின்று, மருந்து வாங்கப் போக முடியாமல் இரண்டு வேளை ஊசி தவறியது. சர்க்கரைக்காரி மூன்று நாள் சலைன் பாட்டிலோடு கிடந்தாள். இன்னொரு முறை தவறினால் தாங்கமாட்டாள் என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். மருந்தின் வகையை மாற்றவும் கூடாது என்றார்.

ஆகவே நாய்களோடேயே போவது என்று முடிவு செய்தேன். தொண்டியிலிருந்து கடற்கரைச் சாலையில் இராமேசுவரம், ஒரு இரவு, மறுநாள் திரும்புதல். தடுப்பூசிச் சான்று, மருந்துச் சீட்டு, வழியிலுள்ள மருந்துக் கடைகளின் தொலைபேசி எண்கள் எல்லாம் ஒரு கோப்பில். இன்சுலின் குப்பிகள் இரண்டையும் பஞ்சு சுற்றி ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, டப்பாவைத் துண்டில் சுற்றி, ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். குளிர்ச்சி வேண்டும், உறையக் கூடாது. இது மருந்து அட்டையிலேயே எழுதியிருக்கிறது. அட்டையைப் படிக்கும் பழக்கம் நாட்டில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது வேறு விஷயம்.

உப்பூரில் தேநீருக்கு நிறுத்தினோம். நாய்கள் இறங்கியதும் கடைக்காரன் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டான். என் கணவர், கேட்கப்படாமலே, நாய்களின் முழு மருத்துவ வரலாற்றையும் சொன்னார். எதிர்பார்த்த சிரிப்பு வந்தது. சீனி இல்லாத காபிக் கேள்வியும் வந்தது. பிறகு அவன் கேட்டான்:

"யக்கா, இதுக்குத்தான் கண்ணு தெரியாதே. கடலக் காட்டவா கூட்டிட்டுப் போறீக?"

பெஞ்சில் இருந்தவர்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். கேள்வி நியாயமானதுதான். அதனால் அவன்மீது வெறுப்பு இரட்டிப்பானது. காரில் ஏறியதும் கணவரிடம் சொன்னேன்: "இனிமே எவன் கேட்டாலும் நாய்க்கு என்ன வியாதி, பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு நீங்க வாயத் திறக்கக் கூடாது."

"சரிம்மா" என்றார். அவர் சரி என்று சொன்னால் அதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுவார். அதுதான் அவரோடு உள்ள தொல்லை.

இராமநாதபுரம் தாண்டிக் கணவரின் விருப்பப்படி தென்கரைப் பக்கம் திரும்பினோம். பெரியபட்டினத்தைக் கடந்து சிறிது தூரத்தில் வலிப்புக்காரனுக்கு வலிப்பு வந்தது. காரைக் கருவேல மரத்து நிழலில் நிறுத்தினோம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவன் தலையைத் தாங்கினேன். வலிப்பு அடங்கியதும் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே வெறும் தண்ணீர். எதிரே நண்டு கொட்டகை ஒன்று இருந்தது. பெட்டியைக் கணவரிடம் கொடுத்தேன். அவர் போய் நிரப்பி வாங்கி, மூடியை இறுக்கி, பின்னிருக்கையில் வைத்தார். வலிப்புக்காரன் தெளிந்து எழுந்து நடக்கும் வரை அங்கேயே கிடந்தோம்.

ஐந்தரை மணிக்கு ஊசிக்காகப் பெட்டியைத் திறந்தேன். நனைந்த துண்டோடு டப்பா ஐஸில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு குப்பி விரிசல் விட்டிருந்தது. இன்னொன்றுக்குள் மருந்து வெள்ளைக் கல்லாக நின்றது. விரலில் ஒட்டிய ஐஸை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. உப்புப் போட்ட ஐஸ் வெறும் ஐஸைவிடக் குளிரும், பக்கத்தில் இருப்பதை உறையவைத்துவிடும்.

"என்ன சொல்லி வாங்குனீங்க?"

"நல்லாச் சில்லுனு இருக்கணும், நாளைக்கு வரைக்கும் தாங்கணும்னேன். வேற ஒண்ணும் சொல்லலை."

மாற்றுக் குப்பியை வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்பது பாலபாடம். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டவள் நான். இதை அப்போது சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஊருக்குள் ஒரே ஒரு மருந்துக் கடை. கடைக்காரர் சீட்டை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"ஒன்பது வயசுப் பிள்ளைக்கா?"

"நாய்க்கு."

"நாய்ச் சீட்டுக்கெல்லாம் மருந்து குடுக்கக் கூடாதும்மா."

கால்நடை மருத்துவரும் பதிவுபெற்ற மருத்துவர்தான், அவர் சீட்டுக்கு மருந்து கொடுக்கலாம் என்பதை நான் ஐந்து நிமிடம் விளக்கினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும், "ஆனா அந்த மருந்து நம்மகிட்ட கிடையாதும்மா" என்றார். முதலில் சொல்லவேண்டியதைக் கடைசியில் சொல்வதற்கென்றே சிலர் கடை திறக்கிறார்கள்.

கோப்பில் இருந்த இராமநாதபுரத்துக் கடைகளுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை. ஒன்றில் யாரும் எடுக்கவில்லை. இன்னொன்றில் வேறு வகைதான் இருந்தது. எங்களுடையது காலையில் வரும் என்றார்கள். மணி ஆறாகப் போகிறது. சர்க்கரைக்காரி தண்ணீர்ச் சட்டியை மூன்றாவது முறையாகக் காலி செய்திருந்தாள். அது நல்ல அடையாளம் அல்ல.

செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது சண்டை போடலாம். கொட்டகைக்குப் போனேன். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் நண்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பெட்டியை நிரப்பியவள் அவள்தான் என்று கணவர் காட்டினார்.

"ஐஸ் கேட்டா உப்பு எதுக்கும்மா போட்டே?"

"உப்புப் போடாமயா? நாளைக்கு வரைக்கும் தாங்கணும்னு சார்தானே சொன்னாக. நண்டு வெளியூர் போக இப்பிடித்தான் கட்டுவோம். கல்லு மாதிரி நிக்கும்."

"கல்லு மாதிரிதான் நிக்குது."

"பெறகென்ன டீச்சர்?"

நான் டீச்சர் இல்லை. கண்ணாடி போட்டுக் கோப்பு பிடித்த பெண் இந்தக் கரையில் வேறு யாராகவும் இருக்க முடியாது. "உள்ள இருந்தது நண்டு இல்ல. இன்சுலின்" என்றேன்.

அவள் கையிலிருந்த நண்டைக் கூடையில் போட்டாள். "மாதாவே! அதுல போயி உப்பு ஐஸ் வைப்பாகளா? ஏன் சார், ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

கணவர் என்னைப் பார்த்தார்.

"நான்தான் சொல்ல வேணாம்னேன்" என்றேன்.

"எதுக்கு?"

"நாய்க்குன்னா சிரிப்பாங்க."

"நாய்க்கா!" என்றாள். சிரித்தாள். கொட்டகையில் இருந்த மற்றவர்களையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, "வாங்க, எனக்கும் அந்த ஊசிதான்" என்று முன்னால் நடந்தாள்.

வீட்டு மூலையில் ஈர மணல்மேல் மண்பானை. அதில் பாதித் தண்ணீர், மிதக்கும் பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்குள் குப்பி. ஐஸ் இல்லை, பிரிட்ஜ் இல்லை. நான் குப்பியை வாசலுக்கு எடுத்துப்போய் வகை, அளவு, காலாவதி நாள் மூன்றையும் பார்த்தேன்.

"ஆபீசர் மாதிரி பாக்காதீக டீச்சர். ரெண்டு வருசமா அதப் போட்டுத்தான் உசிரோட நிக்கேன்."

"உனக்கு நாளைக்கு?"

"இன்னும் நாலு நாளைக்கு இருக்கு. நாய் எம்புட்டுக் குடிச்சிரப் போகுது?"

வகை அதேதான். கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தேன். முதலில் சாப்பிடட்டும், அளவில் சற்றுக் குறைத்துப் போடுங்கள், இரண்டு மணி நேரம் வண்டியில் ஏற்றாமல் பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள் என்றார். அவரும் உப்பு விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

குப்பியை இரு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டினேன். அவள் உற்றுப் பார்த்தாள்.

"குலுக்க மாட்டீகளா?"

"குலுக்கக் கூடாது. நுரை வந்தா அளவு தப்பும்."

"நான் நல்லாக் குலுக்குவேனே!"

இரண்டு ஆண்டுகளாக மாதந்தோறும் மருந்தை நீட்டிய எவருக்கும் இதைச் சொல்ல வாய் வரவில்லை. என் கோப்பில் இருந்த ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்தேன். அவள் அதைப் பானைக்கு மேலே கூரை இடுக்கில் செருகினாள்.

இராமேசுவரம் போகவில்லை. கொட்டகை வாசலில், நண்டு நாற்றத்தில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். என் முந்தானையில் ஒரு பிடி சர்க்கரை, அளவு கூடிப்போனால் நாக்கில் தடவ. சர்க்கரைக்காரி ஊசி போட்ட இடத்திலேயே படுத்துவிட்டாள். தூக்கமா மயக்கமா என்று தெரியவில்லை. காதைத் தொட்டால் அசைத்தாள். ஒரு மணி நேரத்தில் அதையும் நிறுத்தினாள். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்தேன்.

அப்போது அவளாக எழுந்தாள். உடம்பை உதறினாள். நண்டு வாடை பிடித்துக்கொண்டு நேராகப் போய்க் கூடைக்குள் மூக்கை விட்டாள். கொடுக்குக் கட்டாத நண்டு ஒன்று உதட்டைக் கவ்வியது. அவள் போட்ட சத்தத்தில் கொட்டகையே திரும்பிப் பார்த்தது. வலிப்புக்காரன் காருக்கு அடியில் ஓடினான்.

சர்க்கரை இறங்கிய நாய் அப்படிக் கத்தாது. நண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கணவரிடம் சொன்னேன்: "ரெண்டு மணி நேரம் ஆனதும் வண்டிய எடுங்க. ராமநாதபுரத்துல தங்குறோம். காலையில கடை திறக்கும்போது வாசல்ல நிக்கணும்."