ஐயாவு மாமா கொடைக்கானலில் தங்கிவிட்ட காரணம்

எங்கள் ஊரிலிருந்து கொடைக்கானலுக்குக் குடிபோனவர்கள் இரண்டே பேர். ஒருவர் பஞ்சநதம் பிள்ளை, ஊர் நஞ்சையில் பாதிக்குச் சொந்தக்காரர். இன்னொருவர் அந்தப் பிள்ளையின் நிலத்தில் ஒன்பது மாவை, அதாவது மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு உழுதுவந்த ஐயாவு, என் அம்மாவின் அண்ணன்.

பிள்ளை போனதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பேரப்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் என்றார் கர்ணம். செங்கொடிக்குப் பயந்து ஓடிவிட்டார் என்றார்கள் சங்கத்துக்காரர்கள். நில உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் போவதற்குள் விற்றுக் காசாக்கி, ஏரிக்கரையில் பங்களா வாங்கிக்கொண்டார் என்று டீக்கடையில் பேசினார்கள். எல்லாமே உண்மையாக இருக்கலாம், பெரிய மனிதர்களுக்குக் காரணத்துக்கா பஞ்சம். மாமா போனதற்கு மட்டும் எல்லோரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள்: சொகுசு. வெயிலில் சேறு மிதிக்க உடம்பு வளையவில்லை, குளுகுளு என்று ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டான். முப்பத்திரண்டு வயது வரை நானும் அதைத்தான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் வாய் கூசாமல் அவரைத் திட்டியும் இருக்கிறேன்.

மாமாவை அறிந்தவர்கள் அதை நம்பியதே அதிசயம். நன்னிலம் தாண்டி ஒரு வேலையும் இல்லாதவர் அவர். வாய்க்கால் தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் இருந்த அந்த ஒன்பது மாவை அவர் அப்பா உழுதார், அப்புறம் இவர் உழுதார். எழுத்தாக ஒரு காகிதம் கிடையாது. அறுவடையானதும் குத்தகை நெல்லைப் பிள்ளை வீட்டுக் களத்தில் கொண்டுபோய் அளப்பார். ரசீது கேட்பது பிள்ளையின் முகத்தில் அடிப்பது மாதிரி என்று நினைப்பார். பிள்ளைகுட்டி இல்லாத மாமாவுக்கும் ரெங்கம்மாள் அத்தைக்கும் அந்த வயல்தான் எல்லாம்.

சித்திரையில் நல்ல நாள் பார்த்து வருடத்தின் முதல் உழவைத் தொடங்குவதை எங்கள் பக்கம் நல்லேர் பூட்டுவது என்போம். உழுகிறவன் எவனோ அவன்தான் தன் வயலில் நல்லேர் பூட்டுவான். மாமா மட்டும் அதில் ஒரு மரியாதை சேர்த்துக்கொண்டார். மாட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஏரைப் பூட்டி நிறுத்திவிட்டு, பிள்ளையைப் போய் அழைத்து வருவார். பிள்ளை மேழியைப் பிடித்து மூன்று சுற்று ஓட்டிய பிறகுதான் மாமா கை வைப்பார்.

"ஐயா கைபட்டாதான் வெளையும்" என்பார்.

ஊரில் வேறு யாரும் இப்படிச் செய்ததில்லை. அத்தைகூடக் கேலி செய்வாளாம், "ஏரு அவரு ஓட்டட்டும், களையாவது அவரு வீட்டம்மாவ எடுக்கச் சொல்லுங்க" என்று.

அறுபத்தேழில் ஆட்சி மாறி இரண்டு வருடம் கழிந்த சித்திரையில் மாமா இன்னும் ஒரு படி மேலே போனார். நன்னிலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த அப்துல் ஜலீலைத் தன் செலவில் கூட்டிவந்து நல்லேரைப் படம் பிடிக்கச் செய்தார். தலைப்பாகை கட்டிக்கொண்டு பிள்ளை மேழி பிடிக்கிறார். ஜலீல் மாமாவையும் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறார். மாமா மாட்டேன் என்று வரப்புக்குப் போய்விட்டார்.

"நாம எதுக்கு பாய், ஐயா மட்டும் விழுந்தாப் போதும்."

படத்தில் பிள்ளை மட்டும் விழுந்தார். மாமா அதற்குச் சட்டம் போட்டு, தானே சுமந்துபோய்ப் பிள்ளை வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டு வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் குத்தகைக்கு உழுகிறவர்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் வந்தது. பெயர் ஏறிவிட்டால் நிலத்தைவிட்டு யாரும் லேசில் கிளப்ப முடியாது. எங்கள் ஊர் விசாரணைக்கு எழுபத்தொன்றில் தை கழிந்து தேதி வருகிறதென்று பேச்சு வந்தது. மாமா பதற்றமே படவில்லை. "ஐயாவே சொல்லிடுவாங்க, ஐயாவு சாகுபடின்னு" என்று என் அப்பாவிடம் சொன்னாராம். என் அப்பா துரைராசுவுக்குச் சொந்தச் சாகுபடி கிடையாது. பிள்ளையின் பண்ணையில் ஆட்களை வேலைக்கு விட்டு மேற்பார்வை பார்ப்பது அவர் வேலை.

அறுவடை முடிந்த வாரம் பிள்ளை மாமாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஐயாவு, கொடைக்கானல்ல பங்களா வாங்கியிருக்கேன்ல, தோட்டம் போடணும். உன்னை விட்டா மண்ணு தெரிஞ்ச ஆளு ஏது? மூணு மாசம் வந்து இருந்து போட்டுக் கொடு. உன் பொண்டாட்டியையும் அழைச்சிட்டு வா, அவளோட இழுப்புக்கு மலைக்காத்து நல்லது. சித்திரைக்கு நல்லேர் பூட்ட வந்துடலாம்."

அத்தைக்கு மூச்சிழுப்பு உண்டு. அதையும் நினைவில் வைத்துக் கேட்கிறாரே என்று மாமா உருகிப்போனார். இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள்.

சித்திரை பிறந்ததும் அத்தையை அங்கேயே விட்டுவிட்டு மாமா மட்டும் வந்தார். அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது, அப்போது எனக்குப் பத்து வயது. வீட்டுக்கு வந்தபோது அவர் வேட்டியில் முழங்கால் வரை புழுதி. அம்மா சோறு போட்டாள். சாப்பிட்டார். கை கழுவியதும் சொன்னார்:

"கொடை ரொம்ப நல்லாருக்கு தங்கம். அவளுக்கும் ஒத்துக்கிச்சு. அங்கேயே இருந்துடலாம்னு பாக்குறோம்."

"ஒங்க இஷ்டம்ண்ணே" என்றாள் அம்மா.

அவ்வளவுதான் பேச்சு. என் தலையைத் தடவிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். அதன் பிறகு ஊர்ப்பக்கம் வரவேயில்லை. அவர் விட்டுப்போன ஒன்பது மாவில் ஆறைப் பிள்ளை வெளியூரானுக்கு விற்றார். தலைமடையை ஒட்டிய மூன்று மா அம்மா பேரில் பட்டாவாகி எங்களுக்கு வந்தது. அப்பாவின் விசுவாசத்துக்குப் பிள்ளை விட்டுக்கொடுத்தது என்று வீட்டில் சொல்வார்கள். அந்த நெல்லில்தான் நான் வளர்ந்தேன், படித்தேன், டீச்சரானேன். எண்பத்து மூன்றில் அப்பா செத்தபோது தந்தி கொடுத்தும் மாமா வரவில்லை. அன்றுதான் எனக்கு அவர்மேல் ஆத்திரம் முற்றியது.

தொண்ணூற்று மூன்றில் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்குக் கொடைக்கானல் அழைத்துப் போனேன். ஏரிக்கரையில் படகுகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த கிழவரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்கியறியாத மனிதர், படகுத்துறைக் கூலியாகியிருந்தார். பங்களாவில் இல்லை, சொகுசிலும் இல்லை. அத்தை போய்ச் சேர்ந்து பதினெட்டு வருடமாகிறது, குளிர் அவள் இழுப்பை முற்றவைத்துவிட்டது என்றார். அதைக் கேட்டாவது நான் வாயை மூடியிருக்கலாம்.

"நல்லாருக்கு மாமா. அப்பா சாவுக்குக்கூட வரலை. நீங்க பாட்டுக்கு வயலை விட்டுட்டு வந்தீங்க, அவரு காப்பாத்தி வச்சாரு. அந்த நன்றியாவது வேணாமா?"

அவர் கயிற்றைக் கீழே வைத்தார்.

"நான் விட்டுட்டு வரலை ரெத்தினம்."

பிறகு சொன்னார். அந்தச் சித்திரையில் நன்னிலத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே வயலுக்கு நடந்திருக்கிறார். அங்கே நல்லேர் பூட்டி முடித்து மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தது என் அப்பா. அப்பா இவரைப் பார்த்தார், மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மாமா கர்ணத்தின் வீட்டுக்கு ஓடினார். கர்ணம் காகிதங்களைப் பிரித்துக் காட்டினார். மாசியிலேயே விசாரணை முடிந்திருந்தது. ஐயாவு என்பவர் தன் பங்களா வேலையாள், வயல் தன் சொந்தச் சாகுபடி, வருடா வருடம் நல்லேர் பூட்டுவதே தான்தான் என்று பிள்ளை எழுதிக் கொடுத்திருந்தார். அத்தாட்சிக்கு ஜலீல் பாய் எடுத்த படம். படத்தில் இருப்பதெல்லாம் நிஜம் என்று சாட்சிக் கையெழுத்து, சி. துரைராசு.

"படத்துல நானும் நின்னிருந்தா அந்தக் கையெழுத்து செல்லுபடியாயிருக்குமா? நாந்தான் தள்ளிப் போய் நின்னேன்."

பிள்ளையிடம் கேட்கவில்லையா என்றேன். திரும்பி வந்து பங்களா வாசலில் நின்று கேட்டாராம். "நான் பொய் சொன்னனா ஐயாவு? வருஷா வருஷம் நீதானே வந்து கூப்பிட்ட?" என்று பிள்ளை நிதானமாகக் கேட்டிருக்கிறார். அன்றே மாமா அங்கிருந்து வெளியேறி, ஏரியில் வேலை கேட்டு நின்றிருக்கிறார்.

"ஊருக்கு வந்து சங்கத்துல சொல்லியிருக்கலாமே மாமா. மேல மனு போட்டிருக்கலாமே."

"போட்டா யாரு மேல போடறது? ஒங்கப்பன் பொய்ச்சாட்சின்னு நிரூபிக்கணும். தங்கத்தோட வாழ்க்கை என்னாவும்? அன்னிக்குச் சொல்லிடணும்னுதான் ஒங்க வீட்டுக்கு வந்தேன். அவ வெள்ளந்தியா சோறு போட்டா. ஒண்ணும் தெரியாதவ. தன் புருஷன்தான் அண்ணன் குடியைக் கெடுத்தான்னு தெரிஞ்சா அவ தாங்குவாளா? ஊர்ல இருந்தா என்னிக்காவது வாய்தவறி வந்துடும். அதான் இங்கேயே இருந்துட்டேன். நீ சொல்லிடாத."

சொல்லமாட்டேன் என்று அவர் கையில் அடித்துக் கொடுத்தேன். மலையிறங்கும் வழியெல்லாம் அப்பாவையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் மாலை போட்டுக் கும்பிட்ட அவர் படத்தைக் கழற்றி எறியவேண்டும் போல இருந்தது. வீட்டுக்குள் நுழைந்தவுடன் வாக்கை மறந்துவிட்டேன். அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். படம், கையெழுத்து, அத்தை செத்தது, படகுத்துறைக் கூலி, ஒன்றைக்கூட விடவில்லை.

அம்மா முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"எனக்குத் தெரியும்."

"எப்போ தெரியும்?"

"ஒங்கப்பா கையெழுத்துப் போடப் போறதுக்கு முன்னாடியே. மூணு மா என் பேருக்கு எழுதறதா இருந்தா போங்கன்னு நான்தான் சொன்னேன். அண்ணனுக்குப் புள்ளையா குட்டியா. எனக்கு நீ இருந்த."

அம்மா உளுந்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள்.

"அன்னிக்கு அவரு சாப்புடறப்ப, எங்க கேட்டுடுவாரோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். கேக்கலை. கொடைக்கானல்லயே இருக்கப்போறேன்னாரு. அப்பாடான்னு இருந்துச்சு ரெத்தினம்."