எனக்கு வைத்த தனிக் குடம்

லாரி ஓட்டிய என் கணவர் எச்.ஐ.வி. வந்து இறந்தார். எனக்கும் அது முற்றிய பிறகு, உடையார்பாளையத்தில் தம்பி வீட்டுக்கு வந்தேன்.

வந்த வாரமே தம்பி மனைவி செல்வி எனக்கென்று தனிக் குடம் வைத்தாள். பிள்ளைகள் அதைத் தொட்டால் அதட்டினாள். சிரித்துப் பேசிக்கொண்டே ஒதுக்குகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீம்புக்கு, அவள் பார்க்காதபோது அவர்கள் குடத்திலேயே மொண்டு குடித்தேன். நாலாம் நாள் வயிற்றுப்போக்கில் சுருண்டு, ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

"காச்சி ஆறவச்ச தண்ணியத்தான் குடுக்கணும், வேற தண்ணி உங்க உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொன்னாரு அண்ணி. சொன்னா மனசு ஒடிஞ்சி போயிடுவீங்கன்னுதான் சொல்லல" என்று செல்வி அழுதாள்.

இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுகிறேன். காலையில் தண்ணீர் காய்ச்சுவதும் நான்தான், வீட்டில் எல்லோருக்கும். குடமும் ஒன்றுதான்.