மூட்டையில் வந்த விளையாட்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அம்மா சொல்வார். அது அபாண்டம். மூக்குவரை ஏறிப் போகிற பொறுமை என் கோபத்துக்குக் கிடையாது, வாயிலேயே இறங்கிவிடும். இது தெரிந்தும் என்னைக் கட்டிக்கொண்டவர் எங்கள் தேயிலை எஸ்டேட்டின் டிரெஸ்ஸர். எஸ்டேட் மருந்தகத்தில் காய்ச்சலுக்கு மருந்து கலந்து, வெட்டுக் காயத்துக்குக் கட்டுப் போட்டு, பிரசவ வலி என்றால் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்து அனுப்புகிற மனுஷன். நான் அதே எஸ்டேட்டின் தமிழ்ப்பள்ளியில் டீச்சர்.

எண்பதுகளின் கடைசி அது. நான் தபால் வழியாகப் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஆறு வருஷப் படிப்பு. கடைசியாக ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். மாதக் கடைசிக்குள் அது பினாங்கு யூனிவர்சிட்டிக்குப் போய்ச் சேராவிட்டால் இன்னொரு வருஷம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதைவிட அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் எனக்குப் பயம். கொழுந்து கிள்ளி என்னைப் படிக்க வைத்தவர் அவர். மகள் டிகிரி வாங்கப்போகிறாள் என்று லைன் வீடுகள் முழுக்கச் சொல்லி முடித்து, கம்போங் ராஜா சந்தையில் மீன் வாங்கப் போன இடத்திலும் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கட்டுரையை டைப் செய்யத்தான் என் கணவர் மலைக்குக் கீழே ஈப்போ டவுனிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்தார். பச்சை எழுத்துத் திரை, டிஸ்கெட் போட இரண்டு வாய். எதையும் உள்ளே சேர்த்து வைக்க அதற்கு இடமில்லை, எல்லாமே அந்த வளைகிற டிஸ்கெட்டில்தான். மத்தியானமே பனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்துவிடும் ஊர் என்பதால், டிஸ்கெட் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அலமாரிக்குள் ஒரு பல்பை எரியவிட்டு வைத்திருந்தோம். எனக்கு அதில் எண்பத்துமூன்று பக்கம் ஏறியிருந்தது. புதன்கிழமை தானா ராத்தாவில் ஒரு தோழியின் ஆபீஸில் பிரிண்ட் எடுப்பதாக ஏற்பாடு. இன்னொரு பிரதி எடுத்து வை என்று என் கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எடுக்கிறேன் எடுக்கிறேன் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்த வாரம்தான் ஈப்போ நண்பர் ஒருவரிடமிருந்து பஸ் டிரைவர் கையில் ஒரு டிஸ்கெட் வந்தது. அந்த நண்பர் டெலிபோன் கம்பியைக் கம்ப்யூட்டரில் செருகி, முன்பின் தெரியாத யாரோ வைத்திருக்கும் விளையாட்டுகளை இறக்கிக்கொள்கிறவர். விளையாட்டு முழுவதையும் ஒரே ஃபைலாக அழுத்திக் கட்டியிருக்கிறது, அவிழ்த்தால்தான் ஆட முடியும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி, எந்தக் கட்டளைக்கு என்ன நடக்கும் என்றும் குறித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறக்கூட வராமல் என் கணவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஊசி போடுகிற கை அவிழ்க்கிற கட்டளையை அடிக்கப் போனது.

நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். யார் கட்டியது என்று தெரியாத மூட்டையைப் பிரிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கொழுந்து எடை போடுகிற இடத்தில் அம்மாவோடு நின்று வளர்ந்தவள் நான். கூடையின் மேலே தெரிகிற கொழுந்தைப் பார்த்து எந்தக் கங்காணியும் எடை போட்டதில்லை. முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார், சந்தேகம் வந்தால் சாக்கில் கொட்டச் சொல்வார். என் அம்மாவே ஒரு நாள் அடியில் முத்தல் இலையைத் திணித்து, மேலே தளதளவென்று கொழுந்தைப் பரப்பிக்கொண்டு போய்க் கையும் களவுமாக மாட்டினார். மழையில் கூடை தானாகக் கீழ்மேலாகப் புரண்டுவிட்டது என்று அவர் சொன்ன சமாதானத்தைக் கேட்டு அந்தக் கங்காணியே சிரித்துவிட்டார்.

பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியுண்டா என்று கேட்டேன். நண்பரின் துண்டுத்தாளில் அதற்கும் ஒரு கட்டளை இருந்தது. அடித்ததும் ஒன்பது பெயர் வரிசையாக வந்தது. எட்டும் விளையாட்டின் பெயரில் ஆரம்பிக்கிறவை. ஒன்பதாவது மட்டும், கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது முதலில் தேடுகிறதே, அந்த ஃபைலின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டிருந்தது.

"விருந்துக்கு வர்றவன் எதுக்குங்க நம்ம வீட்டுச் சாவிய செஞ்சி எடுத்துட்டு வரணும்?" என்றேன்.

அவர் முகம் சின்னதாகிப் போனது. சும்மா ஒரு கேம்தானே என்று முனகினார். நான் விடவில்லை. நம்முடைய டிஸ்கெட் எல்லாம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போக வேண்டும், காலி டிஸ்கெட் ஒன்றில் மட்டும்தான் அவிழ்க்க வேண்டும், அந்த ஒன்பதாவதைத் தொடவே கூடாது, ஆடி முடித்ததும் கரண்டை அணைத்துவிட்டுத்தான் வேறு டிஸ்கெட் போட வேண்டும் என்று வகுப்பில் பேசுகிற குரலில் சட்டம் போட்டேன். அவர் தலையாட்டிவிட்டு டிஸ்கெட்டுகளை பிஸ்கட் டின்னில் போட்டுச் சமையலறைக்குக் கொண்டு போனார். திரும்பிவரக் கொஞ்ச நேரமானது. வீட்டில் காலியாக இருந்தது ஒரே ஒரு டிஸ்கெட், என் கட்டுரைக்குப் பிரதி எடுக்க வாங்கி வைத்தது. அதை நானேதான் எடுத்துக் கொடுத்தேன்.

எட்டு ஃபைலும் அவிழ்ந்தன. ஐயோ, அந்த விளையாட்டை என்னவென்று சொல்வேன்! குட்டியாக ஒரு பச்சை மனிதன் கோட்டைக்குள் ஓடுகிறான், ஏணி ஏறுகிறான், சாவி பொறுக்குகிறான், பேய் துரத்தினால் டிக்டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு குதிக்கிறான். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் திரும்பிப் போகவில்லை. அம்மாவும் வந்துவிட்டார். பச்சை மனிதன் விழும்போதெல்லாம் மடியைப் பிடித்துக்கொண்டு, பாத்துப் போடா என்றார். என் கணவர் இரண்டாவது கோட்டையில் செத்துச் செத்துப் பிழைத்தார். நான் ஒரே மூச்சில் மூன்றாவது கோட்டைக்குப் போய்விட்டேன். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மூன்றாவது கோட்டையின் கதவு மட்டும் திறக்கவே இல்லை.

மத்தியானம் எல்லாரும் கலைந்தார்கள். யாரையோ குளவி கொட்டிவிட்டது என்று ஆள் வர, அவர் மருந்துப் பெட்டியோடு கிளம்பினார். நான் நல்ல பிள்ளையாகக் கரண்டை அணைத்து, மறுபடி போட்டு, டின்னிலிருந்து கட்டுரை டிஸ்கெட்டை எடுத்து இரண்டாவது வாயில் செருகினேன். மேற்கோள் பட்டியலை நேற்றே முடித்திருந்தேன், ஒரு தடவை சரிபார்த்தால் போதும். ஒரு பக்கம் பார்த்தேன். இரண்டாவது பக்கத்தில் எழுத்துக்குப் பதில் அந்தக் கதவுதான் தெரிந்தது. ஒருவேளை கதவைத் திறக்கிற சங்கதி அந்த ஒன்பதாவது ஃபைலில் இருக்குமோ?

ஊருக்குத்தானே உபதேசம். ஈப்போ டிஸ்கெட்டை முதல் வாயில் போட்டேன், ஒன்பதாவதை அவிழ்த்தேன், ஓடவிட்டேன். இரண்டாவது வாயில் என் ஆறு வருஷம் இருக்கிறது என்ற நினைப்பே அப்போது இல்லை.

கதவு திறக்கவில்லை. முதல் வாயின் சிவப்பு விளக்கு எரிந்தது, கர்ரென்று ஒரு சத்தம், நிற்கவே இல்லை. பிறகு இரண்டாவது விளக்கும் எரிந்தது. அப்போதுதான் எனக்குச் சுரணை வந்தது. கை சுவிட்சுக்குப் போவதற்குள் திரையில் ஒரு வரி வந்து நின்றது, இரண்டாவது டிஸ்கெட்டில் எழுத முடியவில்லை என்று. மறுபடி முயலவா என்று வேறு கேட்டது அந்தப் பாவி.

சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கினேன். கட்டுரை டிஸ்கெட்டை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் சதுரமாக ஒரு வெட்டு இருக்கும், அதை ஒட்டி மூடிவிட்டால் அந்த டிஸ்கெட்டைப் படிக்கலாம், அதன்மேல் எதுவும் எழுத முடியாது. அந்த வெட்டின்மேல், காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளை பிளாஸ்டரைக் கத்தரியால் அளவாக வெட்டி, மூலை மடியாமல் ஒட்டியிருந்தது. நான் ஒட்டவில்லை. பக்கம் பார்த்ததோடு நிறுத்தாமல் ஒரு எழுத்தைத் திருத்திச் சேமிக்கப் பார்த்திருந்தாலே எனக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

கால் மணி நேரம் காத்திருந்து, சுத்தமான டிஸ்கெட்டால் கம்ப்யூட்டரை எழுப்பி, ஒன்றொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஈப்போ டிஸ்கெட்டில் ஒன்றுமே மிச்சமில்லை, துடைத்து வைத்திருந்தது. என்னுடையதில் எண்பத்துமூன்று பக்கமும் இருந்தன. நான் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான், ஆனாலும் அழுகையாகத்தான் வந்தது.

அவர் திரும்பி வந்தபோது நான் ஒளிக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் வழக்கம்போல அவர்மேலேயே பாய்ந்தேன். ஒட்டியவர் ஒட்டினேன் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, என் உயிர் போய் உயிர் வந்தது என்று கத்தினேன்.

அவர் மருந்துப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ அந்த ஃபைல நெனச்சு பயந்த. நான் ஒன்ன நெனச்சுத்தான் பயந்தேன்லா" என்றார்.

நான் எழுந்து போய், விளையாட்டை அழித்துவிட்டு, அந்த டிஸ்கெட்டிலேயே என் கட்டுரைக்குப் பிரதி எடுத்தேன்.