காலுறைக்குள் நான்கு பேட்டரிகள்

விமான நிலையத்தில் பெட்டிகளை எக்ஸ்ரேயில் பார்க்கும் அறையில் அவளுக்குப் பெயர் கழுகு. துணிச்சுருளுக்குள் ஒளித்த பவர்பேங்க்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. பத்தொன்பது வருடம் அதே நாற்காலி. சிக்கியவர் டாக்டரானாலும் மந்திரியின் மச்சானானாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரே பாடத்தை ஒப்பிப்பாள்: "கூடுதல் பேட்டரி பெட்டியில போகக்கூடாது. சரக்கு அறையில புகைஞ்சா யாருக்கும் தெரியாது. கையில இருந்தா உடனே தெரியும். எடுக்குறீங்களா, நான் எடுக்கட்டுமா?"

ஆனால் அவள் விமானம் ஏறியதே இல்லை. மகளின் பிரசவத்துக்குத்தான் முதல் பயணம். மகள் கேட்டது ஒன்றே ஒன்று: அப்பாவின் பழைய வீடியோ கேமரா. மகள் பிறந்த அன்று எடுத்த படம் அதன் கேசட்டில் இருந்தது. படத்தில் அவர் இல்லை. பின்னால் நின்று "ஏய், இங்க பாரு" என்று கொஞ்சும் குரல் மட்டும். அவர் போய் மூன்று வருடம். கேசட்டில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அந்தக் குரலை அடுத்தே தன் குழந்தையைப் பதிய வேண்டும் என்பது மகளின் ஆசை.

கேமராவின் பேட்டரிகளோ கிழடுதட்டியவை. ஒன்று ஐந்து நிமிடம் தாங்கினால் அதிகம். புதிது எந்தக் கடையிலும் கிடையாது. இருந்த நான்கையும் ஒன்றோடொன்று உரசாதபடி, தானே பின்னிய குழந்தைக் காலுறைகளில் தனித்தனியே போட்டு, கம்பளிப் பையில் வைத்து, கைப்பைக்குள் பத்திரப்படுத்தினாள். கவுன்டரில் கைப்பை எடை கூடியது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. பதற்றத்தில் கம்பளிப் பையை எடுத்துப் பெட்டிக்குள் திணித்தாள். பெட்டி பெல்ட்டில் ஏறிப் போயே போய்விட்டது.

விமானம் ஏறும் வாசலருகே நிம்மதியாக உட்கார்ந்திருந்தபோது ஒலிபெருக்கி அழைத்தது: இருபத்திரண்டு சி பயணி, சோதனை அறைக்கு வரவும். எந்தப் புண்ணியவானோ மாட்டினான் என்று சிரித்தபடியே தன் சீட்டைப் பார்த்தாள். இருபத்திரண்டு சி.

அறையில் அவள் நாற்காலியில் மீசை உட்கார்ந்திருந்தான். இத்தனை வருடமும் பக்கத்து நாற்காலிக்காரன். மற்றவர்கள் சுவரோரம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். மீசை தொண்டையைச் செருமினான்.

"கூடுதல் பேட்டரி பெட்டியில போகக்கூடாது, மேடம்."

"டேய், கதவு மூட பன்னெண்டு நிமிஷம்தான் இருக்கு."

"முழுசா கேட்டுட்டுத்தான் போகணும். நீங்க போட்ட வழக்கம்."

மிச்சத்தையும் செருமல் குறையாமல் ஒப்பித்தான். பெட்டி திறந்தது. நான்கு குட்டிக் காலுறைகள் வெளியே வந்ததும் அறையே வெடித்துச் சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது: பின்னலின் இடைவெளியில் பேட்டரியின் உலோக முனை எட்டிப் பார்த்தது.

"இது போதாது. டேப் ஒட்டு."

"நேரமாகுதுக்கா. உங்களுக்குமா?"

"ஏன், தீ என்னைப் பார்த்து ஒதுங்கிப் போயிடுமா? ஒட்டுடா."

மீசை பல்லால் மஞ்சள் டேப்பைக் கிழித்து ஒவ்வொரு முனையாக ஒட்டினான். காலுறைகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தை அந்த அறை இன்றும் நடித்துக் காட்டும். கதவை மூடப்போன பெண், காலுறைகளைப் பார்த்துவிட்டுக் குழந்தை எங்கே என்று கேட்டாள். "வந்துக்கிட்டே இருக்கும்மா" என்று மூச்சிரைத்தபடி இவள் உள்ளே போனாள்.

அந்தக் கேசட்டை இப்போது போட்டால் அவர் குரல் முடிந்து, ஒரு கணம் கோடுகள் ஓடும். பிறகு ஒரு செருமல். "ஏய், இங்க பாரு." குழந்தை பார்க்கிறது. அதன் இடது காலுறையில் மஞ்சள் டேப் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது.