வாங்க வந்த வெள்ளைக்காரர்

மைக் செட் போடுகிறவனுக்குக் கடவுள் இரண்டு காது கொடுத்தது, ஒன்றில் பாட்டுக் கேட்க, மற்றதில் ஏச்சுக் கேட்க. ஹட்டனைச் சுற்றி எந்தத் தோட்டத்தில் திருவிழா, கல்யாணம் என்றாலும் பெட்டியையும் வயரையும் சுமந்துகொண்டு ஏறுகிற ஆள் நான். ஊருக்கு வேலை செய்து ஊரிடமே ஏச்சு வாங்கும் சகோதரர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்த உதவிக் கச்சேரியைச் சொல்கிறேன், கேளுங்க.

யாருக்கு உதவி?

சிவகாமி டீச்சர் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். தொண்டு வேலையாக ஆபிரிக்காவில் மலாவிக்குப் போய்க் கொஞ்ச காலம் இருந்தார். அங்கேயும் தேயிலைத் தோட்டமாம். அங்கேயும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிற பிள்ளைகளாம். அந்தப் பிள்ளைகளுக்கு டீச்சர் பின்னேர வகுப்பு நடத்திய கொட்டகை மழையில் விழுந்துவிட்டது. "நான் கட்டித் தர்றேன்" என்று போனில் வாக்குக் கொடுத்துவிட்டார். கச்சேரியில் காசு சேராவிட்டால் வகுப்பு அவ்வளவுதான். டீச்சரால் அந்தப் பிள்ளைகள் முகத்தில் முழிக்கவும் முடியாது.

கோயில் கமிட்டித் தலைவர் பெருமாள் அண்ணனுக்கு இது பிடிபடவே இல்லை. வெளிநாட்டிலிருந்து புத்தகப்பை வரும், எழுதுகிற கொப்பி வரும், தண்ணீர்த் தாங்கி வரும். இங்கிருந்து போகுமா? டீச்சர் விளக்கி விளக்கிக் களைத்துப் போனார். அண்ணனோ என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, டீச்சரம்மா தலகீழா வெளங்கிக்கிட்டாங்க போல. காசு அங்கிருந்துதானே இங்க வரணும்?"

புகை மெசின்

கோயில் மைதானத்தில் மேடை. பாடகி முதல் பாட்டை எடுத்ததுதான் தாமதம், மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிவிட்டது. மேடையைக் காணோம். பாடகியைக் காணோம். தபேலாக்காரர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று பாடகிக்கே தெரியவில்லை. சனம் எழும்பிப் போய்விட்டால் டீச்சர் கதி என்ன?

நம்ம சனம் மூட்டத்துக்கா பயப்படும்? போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு முதலாளி மட்டும் தட்டுத் தடுமாறி என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "மாஸ்டர், உங்க புகை மெசின் சூப்பர். கொஞ்சம் குறைச்சு விடுங்க, என் மனுசி எங்க இருக்கான்னு தெரியல்ல."

ஏலம்

கையில் காசில்லாத தோட்டத் தொழிலாளி முனியாண்டி, தன் வீட்டுக் கொடியில் காய்த்த பூசணிக்காயைக் கொடுத்தார். கோயில் ஏலம் மாதிரியே கூறினேன். எடுத்தவர் "எனக்கெதுக்கு, பிள்ளைகளுக்கே இருக்கட்டும்" என்று பெருமையாகத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி ஏலம். அடுத்து எடுத்தவரும் திருப்பிக் கொடுத்தார். தோட்டத்தின் மேல் பகுதியான மேல் டிவிசன் எடுத்தால் கீழ் டிவிசனுக்கு ரோசம், கீழ் டிவிசன் எடுத்தால் மேல் டிவிசனுக்கு. என் தொண்டை போனது, பூசணிக்காய் போகவில்லை.

கடைசியில் பூசணிக்காயைக் கொடுத்த முனியாண்டிக்கே வெறி ஏறிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரிடம் கடன் வாங்கி, எல்லோரையும் விடக் கூடக் கேட்டு அவரே எடுத்தார். மைதானமே கை தட்டியது. அவர் சம்சாரம் மட்டும் எழும்பி நின்றார்: "ஏங்க, நம்ம கொடியில காச்சத நாமளே காசு குடுத்து வாங்குறோமே, ஒங்களுக்கு என்னா பைத்தியமா?"

போட்டோ

வெள்ளைக்காரர் இல்லாமல் உதவியா? பெருமாள் அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து யாத்திரை மலையின் அடிவாரமான நல்லதண்ணிக்குப் போய், மலை ஏறி இறங்கி பஸ்ஸுக்கு நின்ற ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிவந்துவிட்டார். பாவம், அந்த மனுசனுக்கு முழங்கால் மடங்கவில்லை. பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து அப்படியே தூக்கி மேடையில் வைத்து, மாலை போட்டு, பொன்னாடையும் போர்த்தினோம். எல்லாவற்றுக்கும் சிரித்தார், நல்ல மனுசன்.

போட்டோ என்றதும் மேடையில் நின்ற அக்காமார், உதவி வாங்கிய பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டிவிட்டார்கள். வெள்ளைக்காரர் பதறிப்போய்ப் பையைத் தடவினார். டீச்சர் ஓடிவந்து, சேர்ந்த காசை ஒரு உறையில் போட்டு, அவர்களில் ஒருவரான லெச்சுமி அக்கா கையில் வைத்தார். வெள்ளைக்காரரிடம் இங்கிலீசில் என்னவோ சொன்னார். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பதிலாகத் தன் கையை நீட்டினார். மைதானத்தில் விசில் பறந்தது. "கொட்டகைக்குக் காணும்ணே, போதும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு டீச்சர் அழுதேவிட்டார்.

லெச்சுமி அக்கா மட்டும் உறையைப் பிடித்தபடி விறைத்துப்போய் நின்றார். "சிரிங்கக்கா" என்றேன். "வாங்குறப்ப எப்பிடி நிக்கணும்னு தெரியும் தம்பி. குடுக்குறப்ப மூஞ்சிய எப்பிடி வச்சுக்கணும்?"

அன்றைக்கு மைக் செட் வாடகையை நானும் கேட்கவில்லை. என் மூஞ்சி எப்படி இருந்தது என்று பார்க்கலாமென்றால், பாழாய்ப்போன போட்டோவில் நான் இல்லை.